ட்ரைபோவுக்குப் பதில் சொல்ல இடம் இருக்கா?

உபாகமம் 18:18. வீட்டில் பைபிளே இல்லாதவர்களுக்கும் நம்ம பக்கத்தில் இந்த இலக்கம் மனப்பாடம். மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பயான் கேட்டு வளர்ந்த யாருக்கும் இதைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. மூஸா நபியைப் போன்ற ஒரு நபியை இஸ்ரவேலரின் சகோதரர்களுக்குள் இருந்து எழுப்புவதாக இறைவன் வாக்களித்த இடம் அது. இஸ்ரவேலரின் சகோதரர்கள் யார்? இஸ்மாயீலின் பிள்ளைகள். அப்படியெண்டா அந்த நபி யார்? நம்ம நபி (ஸல்). கதை முடிஞ்சிது. தென்னாபிரிக்காவின் அஹ்மத் தீதாத் இந்த வாதத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். முதலில் வீடியோ கசெட்டில் சுற்றியது, பிறகு சீடியில் சுற்றியது, இப்போது வட்ஸ்அப்பில் சின்னத் துண்டுகளாகச் சுற்றுகிறது.

அந்த முடிவு சரியா பிழையா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல. எங்கள் ஈமான் உபாகமத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நாங்கள் கேட்பது வேறு. இன்னொருத்தருடைய வேதத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து, 'பார், உன் புத்தகமே என்னைப் பற்றித்தான் கதைக்குது' என்று சொல்கிற இந்தக் கலை எங்கே தொடங்கியது? அப்படிச் சொல்லும்போது அந்தப் புத்தகத்தின் சொந்தக்காரருக்கு என்ன நடக்கிறது?

இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள். மத்தேயு சுவிசேஷத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு சம்பவம் வரும், உடனே பழைய தீர்க்கதரிசி ஒருவர் சொன்னது நிறைவேறியது என்று முத்திரை விழும். அதில் பேர்போனது ஏசாயா 7:14. அந்த வசனத்தின் சொந்த இடத்துக்குப் போனால் கதை இப்படி இருக்கு: கி.மு. 8ஆம் நூற்றாண்டு, யூதா நாட்டு அரசன் ஆகாஸ். வடக்கே இரண்டு அரசர்கள் கூட்டுச் சேர்ந்து படையெடுத்து வருகிறார்கள். அரசனுக்கு நடுக்கம். ஏசாயா அவனுக்கு ஓர் அடையாளம் கொடுக்கிறார். ஒரு பெண்ணுக்கு ஆண்பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளைக்கு நல்லது கெட்டது பிரித்தறியும் வயது வருவதற்குள் அந்த இரண்டு அரசர்களின் நாடும் பாழாகும். அதாவது, கொஞ்ச வருஷம் பொறு. படை வாசலுக்கு வந்து நிற்கும்போது, எழுநூறு வருஷம் கழித்துப் பிறக்கப்போகும் பிள்ளையைக் காட்டிப் பயப்படாதே என்றால் எந்த அரசனுக்கு ஆறுதல் வரும்?

எபிரேயத்தில் அந்தப் பெண்ணுக்கு வரும் சொல் 'அல்மா'. இளம்பெண். கிறிஸ்துவுக்கு முந்தியே யூதர்கள் செய்துகொண்ட கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு, எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று அதற்குப் பெயர். அதில் அந்த இடத்தில் 'பார்த்தெனோஸ்' என்று விழுந்தது. கன்னி. கிரேக்கத்தில் எழுதிய மத்தேயு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். இதன் தடம் இன்றைக்கும் கல்முனைக்குள்ளேயே இருக்கு. வெஸ்லி உயர்தரப் பாடசாலையை நடத்திய மெதடிஸ்த சபைக்காரரின் பழைய தமிழ் பைபிளில் ஏசாயா 7:14ஐப் பார்த்தால் 'கன்னிகை'. கார்மேல் பற்றிமாவில் படித்த கத்தோலிக்கச் சிநேகிதியின் வீட்டுத் திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'இளம்பெண்'. ஒரே ஊர், ஒரே ஏசாயா. (மர்யம் (அலை) கன்னியாக இருந்தே ஈஸா நபியைப் பெற்றார் என்று நாமும் நம்புகிறோம். ஆனால் குர்ஆன் அதைச் சொல்ல ஏசாயாவைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.)

அடுத்தது ஓசியா 11:1. இஸ்ரவேல் சமூகத்தைத் தன் பிள்ளை என்றும், அந்தப் பிள்ளையை எகிப்தில் இருந்து அழைத்ததாகவும் இறைவன் நினைவுகூரும் இடம் அது. நடந்து முடிந்த கதை. மத்தேயு அதை எடுத்து, குழந்தை இயேசு எகிப்தில் இருந்து திரும்பி வருவதற்குப் பொருத்துகிறார். சகரியா 9:9 இன்னும் சுவாரசியம். அரசர் கழுதையில் வருகிறார் என்பதை அந்த வசனம் இரண்டு தடவை, வேறு வேறு சொற்களில் சொல்கிறது. எபிரேயக் கவிதையின் வழக்கம் அது. நம்ம பக்கத்து மூத்தம்மாமார் பாடுகிற கவியிலும் ஒரு விசயத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் அதையே திருப்பிப்போட்டுச் சொல்வார்கள்தானே, அப்படி. ஆனா மத்தேயுவில் இயேசு எருசலேமுக்குள் வரும்போது கழுதையும் குட்டியுமாக இரண்டு மிருகங்கள் வருகின்றன. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் ஒன்றுதான்.

இதை வாசித்ததும் 'பார்த்தீங்களா, திரிச்சிட்டாங்க' என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. மத்தேயு செய்தது அந்தக் காலத்து யூதர்கள் எல்லாருக்கும் பழக்கமான வாசிப்பு. 1947இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்த சுருள்களில் ஆபகூக் தீர்க்கதரிசியின் நூலுக்கு ஒரு விளக்கவுரை இருந்தது. அதை எழுதிய யூதக் குழுவினர், நூற்றாண்டுகளுக்கு முன் பாபிலோனியர் வருவதைப் பற்றி ஆபகூக் சொன்னதையெல்லாம் தங்கள் காலத்து ரோமருக்கும், தங்கள் சொந்தக் குருவுக்கும் அவரின் எதிரிகளுக்கும் பொருத்தி வாசித்தார்கள். பழைய சொல்லுக்குள் இன்றைய செய்தி ஒளிந்திருக்கு என்பதுதான் அவர்களுடைய நம்பிக்கை. மத்தேயுவும் அப்படித்தான். ஒரு வீட்டுக்குள், ஒரே உம்மாவின் பிள்ளைகளுக்கு இடையில் நடக்கும் வாக்குவாதம் அது. உரிமை எல்லாருக்கும் இருந்தது.

ஆனா பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே போன பிறகு அதே வாதத்தின் குணம் மாறியது.

பர்னபாவின் பெயரில் வழங்கும் ஒரு பழைய நிருபம் இருக்கு. (நம்ம ஆட்கள் தூக்கிப் பிடிக்கும் 'பர்னபா சுவிசேஷம்' வேற சாமான், நூற்றாண்டுகள் பிந்தியது. அதைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டா இது முடியாது.) ஆதியாகமத்தில் இப்றாஹீம் நபி தன்னோடு கூட்டிப்போன ஆட்கள் 318 பேர் என்று வருகிறது. நிருபக்காரர் அதைக் கிரேக்க எண்ணெழுத்தாக மாற்றுகிறார். 18க்கு வரும் இரண்டு எழுத்தும் இயேசுவின் கிரேக்கப் பெயரின் முதல் இரண்டு எழுத்து. 300க்கு வரும் 'டௌ' என்ற எழுத்து சிலுவை வடிவம். ஆகவே இப்றாஹீம் அப்போதே சிலுவையைக் கண்டுகொண்டார். இப்றாஹீம் நபிக்குக் கிரேக்கம் எங்கால தெரியும் என்று கேட்கத் தோணுது, இல்லையா? சிரிக்குமுன் நம்ம கடைப் பலகைகளையும் த்ரீவீல்களையும் ஒருக்கா பாருங்கள். பிஸ்மிக்குப் பதிலாக 786. எழுத்தை எண்ணாக்குவது மத்தியதரைக் கடலோரம் முழுக்க இருந்த பழைய பழக்கம். அது சுற்றிச்சுற்றி நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கு.

அந்த நிருபத்தில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. யூதர்களுக்கு அவர்களுடைய வேதம் ஒருநாளும் விளங்கவே இல்லை, அந்த உடன்படிக்கை அவர்களுடையதே அல்ல என்கிறார் நிருபக்காரர்.

இதன் முழு உருவம் ஜஸ்டின் மார்ட்டரில் வருகிறது. இவர் இன்றைய நாப்லுஸில், பலஸ்தீனத்தில், பிறந்தவர். கி.பி. 165 அளவில் ரோமில் கொல்லப்பட்டார். ட்ரைபோ என்ற யூதருடன் நடந்த உரையாடல் என்று ஒரு நீண்ட நூலை 155–160 அளவில் எழுதினார். ட்ரைபோ உண்மையான ஆளா, ஜஸ்டின் படைத்த பாத்திரமா என்று ஆய்வாளர்களுக்குள் இழுபறி. நூலின்படி அவர் ஓர் அகதி. ரோமருக்கு எதிராக 132இல் தொடங்கி 135இல் முடிந்த பார் கோக்பா கிளர்ச்சியில் இருந்து தப்பி, கொரிந்து பக்கம் வந்து சேர்ந்தவர். யுத்தத்துக்குப் பிறகு யூதர்கள் எருசலேமுக்குள் கால்வைக்கக் கூடாது என்று ரோம் தடைபோட்டிருந்தது. இப்படி நாடிழந்து வந்து நிற்கிற மனிசனிடம் ஜஸ்டின் என்ன சொல்கிறார்? இந்த வேதங்கள் இனி உங்களுடையவை அல்ல, எங்களுடையவை. கத்னா உங்களுக்குக் கொடுக்கப்பட்டது, உங்களை அடையாளம் கண்டு எருசலேமுக்கு வெளியே நிறுத்துவதற்காகத்தான். சுன்னத்துச் செய்த சமூகம் நாம். இந்த வாதத்தை வாசிக்கும்போது நமக்குக் கொஞ்சம் சுட வேண்டும்.

ட்ரைபோ சும்மா இருக்கவில்லை. ஏசாயாவில் இருப்பது கன்னி அல்ல, இளம்பெண், அது ஆகாஸின் மகன் எசேக்கியாவைப் பற்றியது என்று சொல்கிறார். தன் நூலுக்குள் எதிராளி இவ்வளவு நல்ல பதிலைச் சொல்ல ஜஸ்டின் இடம் விட்டதே பெரிய காரியம். ஆனா மறுமொழி வேறு விதம்: நீங்கள் வேதத்தில் கைவைத்து, எங்களுக்குச் சாதகமான வசனங்களை வெட்டிவிட்டீர்கள். உதாரணத்துக்கு ஒரு சங்கீதத்தைக் காட்டுகிறார். கர்த்தர் அரசாளுகிறார் என்று வரும் இடத்தில் 'மரத்திலிருந்து' என்று இருந்ததாம், யூதர்கள் அழித்துவிட்டார்களாம். எபிரேயப் பிரதிகளில் அந்தச் சொல் கிடையாது. கிறிஸ்தவர்கள் யாரோ பக்கத்தில் சேர்த்த சொல் அது என்பதே இன்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சேர்த்தவர்கள் ஒரு பக்கம், வெட்டினான் என்ற பழி மறுபக்கம். 'தஹ்ரீஃப்' என்ற சொல்லை நாம் எவ்வளவு லேசாகப் பாவிக்கிறோம் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜஸ்டின் காலத்திலேயே மார்சியன் என்பவர், எபிரேய வேதத்தையே தூக்கி எறிவோம், அந்தக் கடவுள் வேறு நம் கடவுள் வேறு என்றார். திருச்சபை அவரை ஏற்கவில்லை. மூஸாவும் தாவூதும் ஏசாயாவும் கிறிஸ்தவர்களின் பைபிளில் இன்றும் இருப்பதற்கு, இப்படி இழுத்துப் பொருத்தி வாசித்த வாசிப்பும் ஒரு காரணம். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் காப்பாற்றியும் வைத்தார்கள்.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். தமிழில் இந்த விளையாட்டை மிகக் கெட்டித்தனமாக விளையாடியவர் முஸ்லிமும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் சேர்ந்து பைபிளைத் தமிழாக்கும் வேலையில் வருஷக்கணக்கில் இருந்தவர். ஆகவே எதிராளியின் புத்தகம் அவருக்கு எழுத்தெழுத்தாகத் தெரியும். மிஷனரிமார் சைவரைப் பார்த்து, தூபம் என்ன, விளக்கு என்ன, அபிஷேகம் என்ன, எல்லாம் அஞ்ஞானம் என்று துண்டுப்பிரசுரம் போட்டார்கள். 1854இல் நாவலர் 'சைவதூஷணபரிகாரம்' எழுதினார். அதில் பழைய ஏற்பாட்டையே விரித்துவைத்தார். யெகோவா மோசேக்குக் கட்டளையிட்ட ஆசரிப்புக் கூடாரத்தில் பலிபீடம் இல்லையா, தூபம் இல்லையா, விளக்கு இல்லையா, படையல் அப்பம் இல்லையா, அபிஷேகத் தைலம் இல்லையா, தீட்டு விதி இல்லையா? உங்கள் கடவுள் கேட்டால் அது ஆராதனை, எங்கள் கோயிலில் செய்தால் அஞ்ஞானமா?

மிஷனரிமாருக்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. அவையெல்லாம் வரப்போகும் கிறிஸ்துவின் நிழல், கிறிஸ்து வந்ததும் முடிந்தது. எபிரெயர் நிருபத்தில் இருந்து வருகிற பழைய வாசிப்பு அது. பதினேழு பதினெட்டு நூற்றாண்டுக்கு முன் கிரேக்கத்தில் நடந்த வழக்கு அப்படியே யாழ்ப்பாணத்தில், தமிழில், மறுபடி விசாரணைக்கு வந்தது. நாவலர் கையாண்ட முறைதான் எங்களுக்கு முக்கியம். ஒற்றை வரியை உருவாமல், அத்தியாயம் அத்தியாயமாக யாரும் வாசிக்காமல் தள்ளிப்போகும் யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் எடுத்தார். அந்தப் பக்கங்கள் தங்கள் சொந்த இடத்தில் சொல்வதை மாற்றாமலேயே எதிராளியின் முன் வைத்தார். (அவருடைய சாதி நிலைப்பாட்டை நாங்கள் ஏற்கவில்லை. அது வேறு கட்டுரை.)

ஆனால் நாவலருடைய வழக்கிலும் ஓர் ஆள் குறைகிறார். யாருடைய கூடாரம் அது? யாருடைய விளக்கு? சைவரும் மெதடிஸ்தரும் அந்தப் புத்தகத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள், யூதர் ஒருவர்கூட அந்த மன்றத்தில் இல்லை. ஜஸ்டினாவது ட்ரைபோவை உட்காரவைத்துப் பேசினார்.

இந்தக் கலை நம்மிடம் வந்த வழியும் ஒளிவுமறைவானது அல்ல. 9ஆம் நூற்றாண்டில், கலீஃபா முதவக்கிலின் அவையில், அலீ இப்னு றப்பன் அத்தபரீ என்ற வைத்தியர் இருந்தார். நெஸ்தோரியக் கிறிஸ்தவராகப் பிறந்து இஸ்லாத்துக்கு வந்தவர். நபி (ஸல்) அவர்களைப் பற்றிய முன்னறிவிப்புகள் என்று எபிரேய வேதத்தில் இருந்து வசனம் வசனமாக அடுக்கி ஒரு நூல் எழுதினார். சுரியானி மொழிபெயர்ப்பில் 'புகழப்பட்ட' என்று வருகிற இடங்களை முஹம்மத் என்ற பெயராகவே வாசித்தார். தேவாலயத்தில் கற்ற வாசிப்பை நம்ம கிதாபுக்குள் கொண்டுவந்தார் என்று சொன்னால் மிகையில்லை. உபாகமம் 18 மட்டும் என்ன? நமக்கு முன்னமே அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு அதை இயேசுவுக்குப் பொருத்தியிருக்கிறார். யூதர்களில் பலர் அதை யோசுவா தொடங்கி வரும் நபிமார் வரிசை என்று வாசிக்கிறார்கள். சமாரியரும் மூஸாவைப் போன்ற ஒருவரை அதே வசனத்தை வைத்து எதிர்பார்த்தார்கள். ஒரு வசனம், நாலு வாரிசு.

அந்த அத்தியாயத்தை முழுதாக வாசித்தால் என்ன இருக்கு? லேவியருக்குரிய பங்கைச் சொல்லிவிட்டு, குறிகாரரிடமும் சூனியக்காரரிடமும் போகாதே என்கிறது. அப்போ யாரிடம் கேட்பது? அதற்குத்தான் நபி. பொய் நபியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முடிகிறது. 'சகோதரர்' என்ற சொல்லை ஒரு அத்தியாயம் முன்னால், 17:15இல் பார்த்தால், அரசன் சகோதரர்களுக்குள் இருந்துதான் வர வேண்டும், அந்நியன் கூடாது என்று இருக்கு. அங்கே சகோதரர் என்றால் இஸ்ரவேலரேதான். இது நம் வாதத்துக்கு எதிர். அதே நூலின் 2:4இல் ஏசாவின் மக்களை, அதாவது வேறொரு கூட்டத்தை, சகோதரர் என்கிறது. இது நமக்குச் சாதகம். பயானில் இரண்டையும் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

நமக்கு இதே வேலையை மற்றவர்கள் செய்யும்போது எப்படி இருக்கு என்று நினைத்துப் பாருங்கள். சூரா நிஸா 171இல் ஈஸா நபியை அல்லாஹ்வின் வார்த்தை என்றும் அவனிடமிருந்து வந்த ரூஹ் என்றும் சொல்லியிருக்கு. அதை மட்டும் வெட்டி, குர்ஆனே இயேசுவின் தெய்வத்தன்மையை ஒப்புக்கொள்கிறது என்று காட்டும் கிறிஸ்தவப் பிரசுரங்கள் உண்டு. மூன்று என்று சொல்லாதீர்கள் என்று அதே ஆயத்தில் வருவது கத்தரிக்கோலுக்குப் போய்விடும். இனவாதக் கூட்டங்களில் சூரா தௌபாவின் ஐந்தாம் ஆயத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அடைக்கலம் கேட்டு வரும் இணைவைப்பாளருக்கு அடைக்கலம் கொடு என்கிற ஆறாம் ஆயத் அவர்கள் கண்ணில் படவே இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்ம ஊர்களில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. முழுசா வாசி, முன்னப் பின்னப் பார் என்று நாம் கெஞ்சாத இடம் இல்லை.

நம்ம மரபிலேயே வேறொரு வாசகரும் இருந்தார். 1480இல் மௌத்தான இமாம் புர்ஹானுத்தீன் அல்பிகாஈ. மம்லூக் காலத்துக் கெய்ரோவில் தப்ஸீர் எழுதும்போது தவ்றாத்தையும் இன்ஜீலையும் அரபு மொழிபெயர்ப்பில் வாசித்து, நீண்ட நீண்ட பகுதிகளாக மேற்கோள் காட்டினார். முன்னைய நபிமாரின் கதையை விளங்கிக்கொள்ள அவர்களின் நூல்களையே கேட்டார். அந்தக் காலத்து ஆலிம்களில் சிலர் பாய்ந்து விழுந்தார்கள், சஹாவி எதிர்த்து எழுதினார், பிகாஈ தன் தரப்புக்கு ஒரு கிதாபே எழுதி நியாயம் சொன்னார். நம்ம மத்ரஸாக்களில் இந்தச் சண்டையைப் பாடமாக வைத்தால் எவ்வளவு நல்லம்! கிறிஸ்தவர்களில் இப்படி ஒருவர் ஜெரோம். எபிரேயம் படித்து, மூலத்தில் இருந்தே லத்தீனுக்கு மொழிபெயர்த்தார். யோனாவுக்கு நிழல் தந்த சுரையை 'ஐவி' என்று மாற்றிவிட்டார் என்று வட ஆபிரிக்காவில் ஒரு சபையே குழம்பியது. தமிழ் பைபிளில் அது ஆமணக்கு. குர்ஆனில் யூனுஸ் நபிக்கு முளைத்தது சுரைக்கொடி.

கடைசியாக, ட்ரைபோ இன்றைக்கு எங்கே? பொத்துவில் அறுகம்பேயில் அலைச்சறுக்க வருகிற இஸ்ரேலியரை வைத்துத்தான் நம்ம பக்கத்தில் யூதர் என்ற சொல் இப்போது வாயில் வருகிறது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அங்கே எச்சரிக்கை விடுத்ததில் இருந்து அது பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகிவிட்டது. காஸாவில் நடந்ததைப் பற்றிய எங்கள் கோபம் கொஞ்சமும் குறையவில்லை, குறையவும் தேவையில்லை. ஆனால் ஆகாஸிடம் ஏசாயா என்ன சொன்னார் என்று கேட்பது அந்த அரசாங்கத்துக்குப் பதில் சொல்வது ஆகாது. நாப்லுஸில் பிறந்த ஜஸ்டினுக்கு முன்னால் அகதியாக நின்றவன் யூதன் என்பதையும், இன்று அதே நாப்லுஸில் யார் யாருக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பதையும் ஒரே தலைக்குள் வைத்திருக்க முடியும். கஷ்டம்தான்.

இந்த மாத வாசிப்பு வட்டத்துக்கு உபாகமம் 17, 18 இரண்டையும் முழுசாக எடுத்திருக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பும் இருக்கும், திருவிவிலியமும் இருக்கும் (அதில் இந்த நூலுக்குப் பெயர் இணைச்சட்டம், தேடிக் களைக்காதீங்க). வரும்போது 'சகோதரர்' என்ற சொல் வருகிற இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு வாங்க.